இரவரசன் ஏன் வந்தான்?

கதைக்குத் தலைவன் எத்துணை இன்றியமையாதவனோ, அத்துணை இன்றியமையாதவன் அவனை எதிர்த்து நிற்கும் தீயோனும். தலைவன் நல்லவனாக இருப்பதற்கு எவரும் காரணம் வினவுவதில்லை. தீயோன் தீயோனானதற்கோ காரணம் தேடாத உள்ளம் இல்லை. கூனியின் வஞ்சத்துக்கு வித்து யாது என்று எண்ணிய கம்பர், சிறு பருவத்து இராமன் விளையாட்டாக அவள்மீது எய்த மண்ணுருண்டையை அவள் நினைவில் வைத்தார். இக்காலத்து இளைஞர் அதே ஆராய்ச்சியை வேறொரு கதையில் செய்யக் கண்டோம்.

அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசை 1996ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கியது. அதைத் தழுவி, 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களாக வந்த தொலைக்காட்சித் தொடர் ‘கேம் ஆஃப் துரோன்ஸ்’. சிறகு படைத்து நெருப்பை உமிழும் டிராகன்கள் அதில் வானில் திரியும். சிறுவர் காணத்தக்க தொடரன்று அது. கல்லூரியில் பயிலும் நம் பெயர்த்தியும் அவளுடைய மராத்தித் தோழியரும் கடைசிப் பருவத்தைக் காண, மும்பையில் நம் வீட்டுக் கூடத்தில் திங்கட்கிழமைதோறும் காலை 6.30 மணிக்கே கூடினர். அமெரிக்காவில் அப்போது ஞாயிறு இரவு.

பனிப்பாழிலிருந்து இறந்தோரின் பெரும்படையைத் தெற்கு நோக்கி நடத்தி வருபவன் அத்தொடரின் ‘நைட் கிங்’; நாம் அவனை இரவரசன் என்போம். அவன் இரு கைகளை உயர்த்தினால் கிடந்த பிணங்கள் எழுந்து நிற்கும். 2017இல் வந்த ஏழாம் பருவத்தில் டிராகன் ஒன்றை ஈட்டியால் வீழ்த்தி, அதையும் எழுப்பித் தன் ஊர்தியாக்கிக் கொண்டான். ஆயினும் தொடர் முழுவதிலும் அவன் ஒரு சொல்லும் பேசவில்லை. வாய் திறவாத அப்பகைவனுக்காகப் பேசும் பொறுப்பை உலகெங்குமுள்ள இரசிகர் தாமே ஏற்றனர்.

நம் கூடத்திலும் கட்சிகள் பிரிந்தன. முற்காலத்து உடன்படிக்கை ஒன்றை மனிதர் மீறியதால் தண்டிக்க வந்தான் என்றது ஒரு கட்சி. கடந்த காலத்தைக் காணவல்ல பிரான் ஸ்டார்க் என்னும் இளைஞனே பழங்காலத்துக்குச் சென்று, வேறொருவன் உடலுள் சிக்கி இரவரசன் ஆனான் என்றது மற்றொன்று. பனிக்காலத்துக்கும் கொள்ளைநோய்க்கும் நோக்கம் உண்டோ, அவனும் அத்தகையவனே என்றது மூன்றாவது. தன்னைப் படைத்தோர் மீது கொண்ட சினமே அவனை நடத்துகிறது என்றது நான்காவது. அவன் பிறந்த இடத்தில் கற்கள் நின்ற அதே சுருள் வடிவில் அவன் படையினர் பிணங்களை அடுக்கி வைப்பதை அக்கட்சியார் சான்றாகக் காட்டினர்.

அவன் பிறந்த கதை 2016இல் வந்த ஆறாம் பருவத்தில் சொல்லப்பட்டது. நம் சிந்தனையைக் கவர்ந்ததும் அதுவே. அந்நிலத்தின் பழங்குடியினர் வனத்தின் மக்கள். கிழக்கேயிருந்து வந்தேறிய மனிதர் அவர்களைக் கொன்றனர். அவர்கள் தொழுத மரங்களை வெட்டினர். தற்காப்புக்கு வழி தேடிய வனத்தின் மக்கள், மனிதன் ஒருவனை மரத்தில் பிணைத்து, அவன் மார்பில் கரிய கண்ணாடிக் கல்லைச் செலுத்தி அவனைப் படைக்கலமாக மாற்றினர். அப்படைக்கலம் பின்னர் படைத்தோர் கைக்கும் அடங்கவில்லை. வந்தேறியவரைக் கண்டு மண்ணுக்குரியவர் கொண்ட அச்சமே இரவரசனாக நடந்தது எனலாம். பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்மனோர்க்கு இது வெறுங்கதையன்று.

1960களின் இறுதியில், தென்னாட்டார் இந்நகரில் வேண்டா என்னும் முழக்கம் எழுந்த நாள்களில், நம் தந்தையாரின் சிற்றுண்டிக் கடைமீது கல் விழுந்தது. பலகார அலமாரியின் கண்ணாடி நொறுங்கியது. மேசை துடைக்கும் சிறுவனுக்கு நெற்றியில் காயம் பட்டது. பாட்டியார், “அரக்கப் பிறவிகள்!” என்று கைகளை நெரித்தார். தந்தையார் சொன்னார்: “அரக்கன் என்று சொல்லிவிட்டால் அவனோடு பேச வழியில்லை, அம்மா. அவனுக்கு வேலையில்லை, அது நம்மால் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கும் இதே தெருவில்தானே கடை திறக்க வேண்டும்?”

அதற்காக அவர் கல்லெறிந்ததைப் பொறுத்துக்கொள்ளவில்லை; அன்றே காவல் நிலையத்தில் முறையீடு எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் அதே தெருவைச் சேர்ந்த மராத்தி இளைஞர் இருவரைக் கடையில் வேலைக்கு அமர்த்தினார். அவருள் ஒருவர் முப்பதாண்டுக் காலம் நம் கடைக் கணக்கை எழுதினார். காரணம் அறிதல் வேறு, குற்றத்தை மன்னித்தல் வேறு என்பதை நாம் அறிந்தது அக்கடையில்தான்.

கதையின் முடிவு 2019இல் வந்தது. முடிவில்லா இரவையே அவன் விரும்புகிறான், உலகத்தையும் அதன் நினைவையும் அழிக்க வருகிறான் என்று எட்டாம் பருவத்தின் இரண்டாம் பகுதியில் பிரான் கூறினான். மூன்றாம் பகுதி வந்த ஏப்ரல் 29 காலை, மும்பையில் மக்களவைத் தேர்தலுக்கு வாக்குப்பதிவு நாள். ஆர்யா என்னும் பெண்ணின் குத்துவாள் பட்டதும் இரவரசன் பனிக்கட்டியாய்ச் சிதறினான். பெண்கள் ஆர்ப்பரித்தனர், சற்று நேரத்தில் ஓய்ந்தனர். “அவன் ஏன் அப்படி ஆனான் என்று கடைசிவரை முழுதாகச் சொல்லவேயில்லையே, தாத்தா” என்று பெயர்த்தி குறைபட்டுக்கொண்டாள்.

அக்குறையை நாம் நல்ல குறையென்றே கொண்டோம். காரணமற்ற பகைவனுக்குக் குத்துவாள் ஒன்றே விடை. காரணமுடைய பகைவனோடு பேச இடமுண்டு. கதை குத்துவாளோடு முடிந்துவிடலாம்; நாம் வாழும் தெரு அவ்வாறு முடிவதில்லை. ஆகவே, அன்பர்களே, தீயோனுக்காக நும் பிள்ளைகள் வழக்காடினால் தடுக்கற்க. அவன் செயலை அவர்கள் நியாயம் என்கின்றனரா என்று மட்டும் கேட்டுத் தெளிவித்து, வழக்கைத் தொடர விடுக. எதிரில் நிற்பவனை அரக்கன் என்று எளிதில் முடிவு கட்டாத பழக்கம், பிறர் நடுவே வாழும் குடிகளுக்குப் பெருந்துணையாகும்.