ஆவணியில் ஓடு மாற்ற வேண்டும்

வேதாரண்யம் பக்கத்தில் குடியிருப்பவர்கள் புயலுக்கான வேலையை ஆவணியிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில்தான் வருகிறது. ஆனால் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது என்று செய்தி வந்த பிறகு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று நாலு நாள்தான். அந்த நாளில் கொத்தனார் கிடைக்க மாட்டார். மரம் ஏறுகிறவர் கையில் பத்து வீட்டு வேலை இருக்கும். கடையில் நைலான் கயிறும் டார்ச் பேட்டரியும் தீர்ந்திருக்கும். எச்சரிக்கை வந்த பிறகு செய்யும் வேலை கதவை அடைப்பது, மாட்டை அவிழ்ப்பது, தண்ணீர் பிடிப்பது என்ற அளவில் நின்றுவிட வேண்டும். மற்றதெல்லாம் வெயில் காயும்போதே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் கூரை. எங்கள் வீட்டில் பின்பாதி தளம், முன்பாதி சீமை ஓடு. ஓடு பறப்பது மேலிருந்து அடிக்கும் காற்றால் என்று நினைத்துப் பலர் ஓட்டின் மேல் கல்லும் மணல் மூட்டையும் ஏற்றுகிறார்கள். உண்மையில் கூரையை உரசிக்கொண்டு ஓடும் காற்று ஓடுகளை மேலே இழுக்கிறது. சன்னல் ஒன்று உடைந்து காற்று உள்ளே புகுந்துவிட்டால், அது அடியிலிருந்தும் தள்ளுகிறது. இழுப்பதும் தள்ளுவதும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டால் மேலே வைத்த கல் எந்த மூலைக்கு? அது உருண்டு யார் தலையிலாவது விழும். ஓட்டைக் கீழே பிடித்து வைப்பதுதான் வழி. கூரையின் விளிம்பு வரிசையும் முகட்டு வரிசையும்தான் முதலில் கிளம்பும் என்பதால், விளிம்பு ஓடுகளைக் கட்டுக்கம்பியால் ரீப்பரோடு முறுக்கிக் கட்டுகிறோம். முகட்டு ஓட்டுக்குப் புதுச் சாந்து பூசுகிறோம். உடைந்த ஓட்டையும் உளுத்த ரீப்பரையும் ஆவணியிலேயே மாற்றிவிடுகிறோம். சிமென்ட் ஷீட் போட்டவர்கள் ஒவ்வொரு ஜே போல்ட்டையும் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த ஒரு போல்ட் போதும், அந்த ஷீட் கிளம்பி அடுத்ததையும் பெயர்க்கும்.

காற்றின் வேகத்தைச் செய்தியில் கேட்கும்போது ஒரு கணக்கை நினைவில் வைத்திருப்பது நல்லது. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் அது புயல். 118-ஐத் தொட்டால் அதிதீவிரப் புயல். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லையே என்று தோன்றும். ஆனால் கூரை மேல் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது ஏறக்குறைய மூன்றரை மடங்காகிவிடும். போன புயலைத் தாங்கிய கூரை இந்தப் புயலையும் தாங்கும் என்று யாராவது சொன்னால், போன புயலின் வேகம் எவ்வளவு என்று நான் கேட்பேன். கீற்று வேய்ந்த வீட்டை எந்தக் கயிறும் காப்பாற்றாது. அதில் இருப்பவர்கள் பொழுது சாய்வதற்குள் வெளியேறிவிட வேண்டும். கடலோரத் தாழ்வான பகுதியில் இருப்பவர்களுக்கும் அதுவேதான். அங்கே காற்றைவிடக் கடல் பெரிய பயம்.

தென்னையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டைத் தொடும் தூரத்தில் இருக்கும் மரங்களில் முற்றிய குலைகளையும் அடி மட்டைகளையும் புரட்டாசிக்குள் இறக்கிவிடுகிறோம். தலைக்கனம் குறைந்தால் மரம் காற்றுக்கு வளைந்து கொடுக்கிறது. காய் ஒவ்வொன்றும் அந்தக் காற்றில் பீரங்கிக் குண்டு மாதிரி வரும் என்பதும் காரணம். முருங்கையை இடுப்பளவுக்கு வெட்டிவிடலாம். தை பிறந்ததும் மறுபடி துளிர்க்கும். வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்டத்தான் மனம் வராது. வளர்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனாலும் வெட்ட வேண்டும் என்றே சொல்கிறேன். 2018-இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்புத் தோப்பாகச் சாய்த்துப்போட்டதைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் இருக்காது. கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, புதுக்கோட்டை மாவட்டத்திலும் மரங்கள் கிடந்தன. கடற்கரை நமக்குப் பக்கமில்லை என்ற நிம்மதி அந்த இரவோடு போயிற்று.

இவ்வளவும் காற்றடிக்கும் சில மணி நேரத்துக்கான ஏற்பாடு. நான் பெரிதாக நினைப்பது அதற்குப் பிறகு வரும் நாட்களைத்தான்.

கஜா நவம்பர் 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிவதற்குள் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து, சேற்று வயலில் தோளில் சுமந்து கம்பம் நட்டார்கள். அப்படி உழைத்தும் உள்ளடங்கிய ஊர்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டி வெறும் சிமென்ட். எங்கள் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிக்கும் தண்ணீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. அவ்வளவு தூரத்தில் எங்கே ஒரு பம்பு நின்றாலும் இங்கே குடம் காலி. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிவந்து மணிக்கணக்கு வாடகைக்குத் தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கக் காசு இருந்தவர்கள் நிரப்பிக்கொண்டார்கள்.

அதனால்தான் புயல் ஏற்பாட்டில் முதல் இடம் அடிபம்புக்கு என்று சொல்கிறேன். மோட்டார் வந்த பிறகு பல வீடுகளில் அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். எங்கள் கொல்லையில் இருப்பதைப் புரட்டாசியில் பிரித்து, வாஷரை மாற்றி, தண்ணீர் வரும்வரை அடித்துப் பார்த்து வைக்கிறோம். உப்புக் கரித்தாலும் குளிக்க, பாத்திரம் கழுவ, கழிப்பறைக்கு ஆகும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர், அப்படிப் பத்து நாளைக்கு என்பது என் கணக்கு. எச்சரிக்கை வந்த அன்றே மூடி போட்ட டிரம்மும் அண்டாவும் தவலையும் கழுவி நிறைந்திருக்கும். வெளியிலிருந்து பிடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்கிறோம். தொட்டித் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

உணவு அவ்வளவு பெரிய கவலை இல்லை. அரிசி, பருப்பு, புளி, கருவாடு, வடகம் எல்லாம் எங்கள் வீடுகளில் எப்போதும் இருப்பவை. அடுப்பு மூட்ட முடியாத முதல் நாளுக்கு அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் போதும். கேஸ் சிலிண்டர் நிறைந்ததாக ஒன்று கையிருப்பில் வேண்டும். அதையும் நம்பாமல் காய்ந்த விறகையும் வரட்டியையும் பரணில் ஏற்றிவிடுகிறேன். கொல்லையில் அடுக்கிய விறகு நனைந்தால் நாலு நாளைக்குப் புகையத்தான் செய்யும்.

மருந்துக்கு நான் அதிக நேரம் கொடுக்கிறேன். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஐப்பசி முதல் எப்போதும் ஒரு மாதத்து மாத்திரை முன்கூட்டியே இருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர் இருந்தால், குளிர்பெட்டி நின்றுபோகும் என்று வைத்துக்கொண்டே ஏற்பாடு செய்ய வேண்டும். பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் பரப்பி, அதற்குள் சின்னப் பானையை வைத்து, நனையாமல் கட்டிய மருந்தை அதில் போட்டு, மேலே ஈரத்துணியால் மூடிவைக்கிறோம். அடிக்கடி மணலில் தண்ணீர் தெளித்தால் வெளிச்சூட்டைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்.

கணக்கில் பலர் விட்டுவிடும் ஒன்று, வீட்டில் எத்தனை பேர் என்பது. ரேஷன் கார்டில் இருக்கும் எண்ணிக்கையை வைத்துப் புயலுக்குத் தயாராக முடியாது. தெருவில் தளம் போட்ட வீடு ஒன்று இருந்தால், அக்கம்பக்கத்துக் கூரை வீட்டுக்காரர்கள் அங்கேதான் வருவார்கள், வர வேண்டும். எங்கள் வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் எந்தப் பாட்டியால் நடக்க முடியாது, எந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்கியிருக்கிறது என்பதை ஐப்பசி பிறந்ததும் கேட்டு வைத்துக்கொள்கிறேன். பிரசவம் நெருங்கியவரை எச்சரிக்கை வந்ததும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். சாலையில் மரம் விழுந்த பிறகு எந்த ஆம்புலன்சும் வராது. மற்றவர்களுக்குப் பாய், குழந்தைக்குப் பால் பவுடர், பெண்களுக்கு வேண்டிய துணி, இரவில் வெளியே போக முடியாத முதியவர்களுக்கு மூடி போட்ட வாளி என எல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும். அழைத்தால்தான் வருவோம் என்று தயங்கி, இருட்டிய பிறகும் கூரைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அதனால் மதியமே போய்க் கூப்பிட்டுவிடுகிறேன். இடம் போதாது என்று தெரிந்தால் எல்லோருமாக அரசுப் பாதுகாப்பு மையத்துக்குப் போவதுதான் சரி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறோம்.

மாடுகளையும் ஆடுகளையும் கட்டிப்போடக் கூடாது. கொட்டகை சரிந்தால் கயிற்றில் இருக்கும் மாடு தப்பிக்க வழியில்லை. அவிழ்த்து மேட்டுப்பக்கம் ஓட்டிவிட்டால் அது தன் புத்தியால் ஒதுங்கிக்கொள்ளும்.

பட்டா, சிட்டா, வீட்டுப் பத்திரம், ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் இருக்கின்றன. விழுந்த மரத்துக்கு நிவாரணம் கேட்கப் போனாலும் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான். அரிவாள், கடப்பாரை, கோடாலி, கயிறு நான்கும் அன்று இரவு நாங்கள் படுக்கும் அறைக்குள்ளேயே இருக்கும். கொட்டகையில் வைத்துவிட்டு, வாசலில் மரம் விழுந்து கதவு திறக்காமல் போனால் அவற்றால் என்ன பயன்? மெயின் சுவிட்சை மாலையிலேயே அணைத்துவிடுகிறோம். டிரான்சிஸ்டரில் திருச்சி வானொலி எடுக்கிறதா என்று பார்த்துவைக்கிறோம், ஏனென்றால் செல்போன் எவ்வளவு நேரம் பேசும் என்று சொல்ல முடியாது.

அன்று இரவு செய்ய வேண்டியது ஒன்றுதான், உள்ளேயே இருப்பது. புயல் கண் நம் மேல் கடந்தால் முதலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று திடீரென நின்றுவிடும். வானத்தில் நட்சத்திரம்கூடத் தெரியலாம். அப்போதுதான் பலர் கூரை என்ன ஆயிற்று என்று பார்க்கவும் மாட்டைத் தேடவும் கிளம்புவார்கள். 1952 புயலையும் 1977 புயலையும் பார்த்த என் மாமியார் கதவை மறித்து உட்கார்ந்துகொள்வார். "யாரும் வெளிய போவாதீங்க. தென்காத்து இன்னும் பாக்கியிருக்கு" என்பார். புயல் இடஞ்சுழியாகச் சுழல்வதால் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் திரும்புகிறது. வடகாற்றில் வேர் ஆட்டங்கண்ட மரங்களைத் தென்காற்றுதான் சாய்க்கும். அது வந்து ஓய்ந்து, விடியும்வரை தாழ்ப்பாள் திறக்கக் கூடாது. விடிந்த பிறகும் தரையில் கிடக்கும் கம்பியை, மின்சாரம் இல்லை என்று எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், தொடக் கூடாது.

பல வருடங்களில் இத்தனையும் செய்து வைத்த பிறகு புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிடும். அப்போது சேர்த்துவைத்த அவலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கி வைக்கிறேன், தண்ணீரை மாற்றுகிறேன், மாத்திரைகளின் தேதியைப் பார்க்கிறேன். ஆனால் பரணில் இருக்கும் விறகையும் டப்பாவில் இருக்கும் காகிதங்களையும் தொடுவதில்லை. கார்த்திகை முடிந்ததே, இனி என்ன என்று கேட்பவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு. தானே புயல் கடலூரில் கரையேறியது 2011 டிசம்பர் 30-ஆம் தேதி. இரண்டும் மார்கழியில் வந்தவை. பொங்கல் பானை இறங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் விறகு பரணிலிருந்து இறங்கும்.