நமக்காகப் பேசாத குரல்கள்

திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு இம்பால் வானொலியைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் புத்தளத்தை அடக்க வேண்டும். மத்திய அலையில் இரண்டுக்கும் ஒரே இடம்: 882 கிலோஹெர்ட்ஸ். இலங்கையின் மேற்குக் கரையில் இருக்கும் புத்தளத்தில் டிரான்ஸ் வேர்ல்டு ரேடியோவின் 400 கிலோவாட் நிலையம். இங்கிருந்து ஏறக்குறைய 250 கி.மீ., பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர். மத்திய அலைக்குக் கடலைப் போல நல்ல பாதை வேறு கிடையாது. இம்பாலோ வடகிழக்கே சுமார் 2,500 கி.மீ. தள்ளி, மலைகளுக்கு நடுவே இருக்கிறது.

அடக்குவது கையால்தான். டிரான்சிஸ்டருக்குள் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் குச்சி, மேலே செப்புக் கம்பி சுற்றி இருக்கும். அதுதான் பெரைட் ராடு, மத்திய அலைக்கு அதுவே ஏரியல். ஒரு நிலையம் ராடின் பக்கவாட்டில் இருந்தால் ஒலி பலமாக வரும். ராடின் முனை நிலையத்தை நோக்கித் திரும்பிவிட்டால் ஒலி ஒடுங்கிவிடும். பலமாக வரும் திசை அகலமானது. ஒடுங்கும் திசை மிகக் குறுகலானது, சில பாகை விலகினாலே தவறிப்போகும். ஆகவே ரேடியோவை மேசையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிழக்குத் தென்கிழக்காகத் திருப்புகிறேன். புத்தளம் சரிந்துகொண்டே போகிறது. ஒரு பக்கத்தைச் சற்றே தூக்கிச் சாய்க்கிறேன், இன்னும் சரிகிறது. முழுக்க ஒழியாது, இரவில் அதன் அலை வானத்திலிருந்தும் இறங்குவதால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்த மிச்சத்துக்கு அடியில் ஒரு பெண்குரல் மெய்தெய் மொழியில் எதையோ வாசிக்கிறது. எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் காத்திருக்கிறேன், நிலையத்தின் பெயரைச் சொல்லும்வரை.

இந்தப் பொழுதுபோக்குக்கு உலகமெங்கும் டிஎக்ஸிங் என்று பெயர். பலருக்கு இது சிற்றலையோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். பிபிசி தமிழோசை, பெய்ஜிங் தமிழ் ஒலிபரப்பு, மணிலாவின் வேரித்தாஸ் என்று ஒரு தலைமுறையே சிற்றலையில் வளர்ந்தது. நானும் அதில் வந்தவன்தான். ஆனால் அந்த நிலையங்கள் நம்மைத் தேடி வந்தவை, நம் மொழியில் நம்மிடம் பேசியவை. மத்திய அலையில் தூரத்து நிலையம் எதுவும் நம்மைத் தேடி வருவதில்லை. அது தன் மாவட்டத்து விவசாயிக்கு மழை நிலவரம் சொல்கிறது, தன் ஊர்ச் சந்தை விலையைச் சொல்கிறது, தன் கரையோரத்து மீனவனுக்குக் காற்றின் வேகம் சொல்கிறது. இரவு வந்ததும் அந்தப் பேச்சு நிலையத்தாரின் எண்ணத்தில் இல்லாத ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் சிற்றலையைவிட மத்திய அலை எனக்கு நெருக்கம். வெளியாளிடம் பேசும்போது யாரும் சற்று நிமிர்ந்து உட்கார்ந்துதான் பேசுவார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான் ஓர் ஊர் தானாக இருக்கிறது.

பகலில் இதெல்லாம் நடக்காது. தரையிலிருந்து 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் வெயிலால் மின்னேற்றம் பெற்ற ஒரு படலம் உண்டு, டி படலம் என்பார்கள். மேலே போகும் மத்திய அலையை அது பகல் முழுக்க விழுங்கிவிடும். தரையோடு தவழ்ந்து வருவது மட்டுமே நமக்குக் கிடைக்கும். சூரியன் மறைந்ததும் டி படலம் கலைந்துவிடும். அதற்கு மேலே 100 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் படலங்கள் அலையை வளைத்துத் திரும்பக் கீழே அனுப்பும். ஆனால் ஒன்று, வழி முழுவதும் இருட்டாக இருக்க வேண்டும். ஆகவே நமக்குப் பொழுது சாயும்போது, முன்னதாகவே இருட்டிவிட்ட கிழக்குத் திசைதான் முதலில் திறக்கும். இம்பாலில் தை மாதத்தில் நம் கடிகாரப்படி ஐந்து மணிக்கு முன்பே பொழுது அடைந்துவிடும். நம் வீட்டில் விளக்கேற்றும் நேரத்தில் டாக்கா 693இல் வந்து நிற்கும், அது 1000 கிலோவாட் நிலையம். தாய்லாந்தின் பான் பாச்சியில் இருந்து 1575இல் வந்த ஒலிபரப்பும் அந்த நேரத்து விருந்தாக இருந்தது. விடியற்காலையில் எல்லாம் தலைகீழ். நமக்குக் கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும்போதும் மேற்கே இன்னும் இருட்டுதான். ஓமான் கரையிலிருந்து 1413இல் வந்த பிபிசியை நான் கேட்டதெல்லாம் அந்த வேளையில்தான்.

நம் தென்கோடிக்கு இன்னொரு தனிக்குணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. தும்பாவை ராக்கெட் தளத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதுதான். காந்த நடுக்கோட்டுக்கு அருகில், கிழக்கு மேற்காக வரும் மத்திய அலை வானத்துப் படலத்தில் நுழையும்போதே பெருமளவு பலம் இழந்துவிடும். வடக்கு தெற்காக வருவதற்கு அந்தச் சேதம் இல்லை. தில்லியும் நாகப்பூரும் டாக்காவும் அனாயாசமாக வர, அதே தூரத்திலுள்ள மேற்காசிய நிலையங்கள் தடுமாறுவதன் காரணம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. ஐரோப்பியர் எழுதிய கையேடுகளை வைத்துக்கொண்டு இங்கே கேட்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அவர்களுடைய வானம் வேறு.

அண்மைக் காலத்து எதிரி, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், வைஃபை பெட்டி, இன்வெர்ட்டர் என்று ஒவ்வொன்றும் மத்திய அலை முழுவதும் ஒரு கரகரப்பைப் பரப்புகிறது. நம் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம், தெரு முழுக்க அணைக்க முடியுமா? மின்தடை வந்தால்தான் விமோசனம். அப்படி ஓர் இரவில் மொட்டைமாடிக்கு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்து எதிர்வீட்டுத் தம்பி கேட்டான்: “என்ன அண்ணாச்சி, கரண்டு போனதுக்கா இம்புட்டு சந்தோசம்?” ஆமாம் என்றுதான் சொன்னேன். அந்த அரைமணி நேரம் முள்ளை எங்கே வைத்தாலும் ஓர் ஊர் இருந்தது.

மின்தடைக்குக் காத்திருக்க முடியாதவர்களுக்கு லூப் ஏரியல் இருக்கிறது. சிலுவை போல இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்காக அடித்து, முனைகளில் சிறு வெட்டுப் போட்டு, முக்கால் மீட்டர்ப் பக்கமுள்ள சதுரமாக எனாமல் கம்பியைச் சுற்ற வேண்டும். கம்பி மோட்டார் வைண்டிங் கடையில் எடைபோட்டுத் தருவார்கள். பத்துச் சுற்று அளவில் வரும். சுற்றுக்குச் சுற்று சிறிது இடைவெளி விட்டால் நல்லது. இரண்டு முனைகளையும் பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சரில் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. ரேடியோவுக்கு எந்தக் கம்பியும் போக வேண்டாம். பெரைட் ராடு சட்டத்தின் தளத்துக்குக் குறுக்காக இருக்கும்படி ரேடியோவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கேங்கை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் திடுமென்று இரைச்சல் எழும்பி, அதோடு அதுவரை கேட்காத ஒரு பாட்டும் எழும்பும். விலையுயர்ந்த ரேடியோ தராத மகிழ்ச்சியை இந்தச் சட்டம் தந்திருக்கிறது. கேங் கிடைப்பதுதான் இப்போது சிரமம். பழைய ரேடியோ ரிப்பேர்க்காரர் யாராவது உங்கள் ஊரில் மிச்சம் இருந்தால் போய்க் கேளுங்கள். தேடுவதற்கு ஓர் ஆள் வந்தான் என்றே அவர் மகிழ்ந்து எடுத்துக் கொடுப்பார்.

கேட்பது பாதி வேலை, இன்னார் என்று உறுதி செய்வதுதான் மீதி. ஆசியாவில் மத்திய அலை நிலையங்கள் 531இல் தொடங்கி ஒன்பது ஒன்பது கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நிற்கின்றன; ஒரே இடத்தில் பல நிலையங்கள். 684இல் கோழிக்கோடும் போர்ட் பிளேரும் மாறி மாறி எழுந்து அமிழ்வதைப் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே தில்லிச் செய்தியை அஞ்சல் செய்யும்போது வேறுபாடு தெரியவே தெரியாது. செய்தி முடிந்து அவரவர் மொழிக்குத் திரும்பும் அந்த அரை நிமிடத்தில் காதைக் கூர்மையாக்கிக்கொள்ள வேண்டும். “இது போர்ட் பிளேராகத்தான் இருக்கும்” என்று நோட்டில் எழுதுவது மிகச் சுலபம். பட்டியலில் பார்த்துவிட்டு வந்தால் மனசே அந்தப் பெயரைக் காதுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். நிலையப் பெயரைக் கேட்டால் எழுதலாம். கேட்காவிட்டால் மொழி, நேரம், பாட்டு, இரைச்சலின் தன்மை ஆகியவற்றை மட்டும் எழுதி, பெயர் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும். இந்தக் கலையில் நேர்மை என்று ஒன்று இருக்குமானால் அது அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

ஆகாசவாணி நிலையங்களை ஒட்டுமொத்தமாகக் கேட்கச் சிறந்த நேரம் காலை ஆறு மணிக்குச் சற்று முன்பு. வால்டர் காஃப்மன் 1936 வாக்கில் அமைத்த அந்த முகப்பிசை ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும். குளிர்காலத்தில் அப்போதும் வானம் இருட்டாக இருப்பதால் ஹைதராபாத், பெங்களூரு, மும்பை எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கும். முள்ளை நகர்த்த நகர்த்த அதே இசை, சில விநாடி முன்பின்னாக. பிறகு அவரவர் மொழியில் வணக்கம். இந்த நாடு எவ்வளவு பெரியது என்பதை நான் தேசப்படத்தில் கற்றதைவிட அந்தப் பத்து நிமிடத்தில் கற்றதே அதிகம்.

தூரத்தைக் கேட்கும் ஆசை வானொலியோடு பிறந்தது. 1921 டிசம்பரில் பால் காட்லி என்ற அமெரிக்கர் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரையில் கூடாரம் போட்டு, சுமார் 400 மீட்டர் நீளக் கம்பியை இழுத்துக் கட்டி, அட்லாண்டிக்குக்கு அப்பால் கனெக்டிகட்டில் அமெச்சூர்கள் நடத்திய 1பிசிஜி நிலையத்தைக் கேட்டார். அவர்கள் பயன்படுத்திய 230 மீட்டர் அலை இன்றைய மத்திய அலைக்குள்தான் வரும். தூரத்து நிலையங்களை மக்கள் கேட்கட்டும் என்று 1920களில் சிகாகோ நிலையங்கள் திங்கள் இரவுகளில் தங்கள் ஒலிபரப்பையே நிறுத்தி வைத்தன. நம் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924இல் ஒலிபரப்பத் தொடங்கியபோது அதன் கையில் இருந்தது 40 வாட். ஒரு குண்டு பல்பின் சக்தி அவ்வளவுதான்.

இன்று நிலையங்கள் ஒவ்வொன்றாக அணைந்து வருகின்றன. ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிலையங்கள் 2015 முடிவோடு மத்திய அலையை விட்டுவிட்டன. ஐரோப்பாவின் பிற நாடுகளும் அதே வழியில் போகின்றன. நம் நாட்டில் பண்பலைக்கு மாறியதும் பல ஊர்களில் மத்திய அலையை நிறுத்துகிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஒலிபரப்பிகளில் டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையைப் பொருத்தினார்கள்; சாதாரண ரேடியோவில் அது வெறும் சீறல். செலவு, இடம், மின்கட்டணம் என்று சொல்லும் காரணங்களில் நியாயம் இருக்கிறது. ஆனால் பண்பலை அடிவானத்தைத் தாண்டினால் தேய்ந்துவிடும். புயலில் செல்போன் கோபுரங்கள் சாய்ந்த இரவில், நூற்றுக்கணக்கான கி.மீ. தூரத்தில் இருந்தும் ஒரு குரலைக் கரைக்கும் கடலுக்கும் கொண்டுவரக்கூடியது மத்திய அலைதான். வங்கக் கடலோரத்து மாநிலம் இதை இழக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே ஒரு வேண்டுகோள். மார்கழி, தை இரவுகளில் இடிமின்னல் இரைச்சல் குறைவு. வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் இருந்தால் பேட்டரி போட்டு மொட்டைமாடிக்கு எடுத்துச் செல்லுங்கள். தூரத்து நிலையம் ஒன்று கேட்டால், தேதி, நேரம், அலைவரிசை, என்ன கேட்டது, எவ்வளவு தெளிவு என்று எழுதி அந்த நிலைய இயக்குநருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். யாரும் கேட்பதில்லை என்ற எண்ணத்தில்தான் ஒலிபரப்பிகள் அணைக்கப்படுகின்றன. கேட்கிறோம் என்று சொல்வது கேட்பவர்களின் வேலை.