மாகறலில் ஒரு தோல் சட்டை

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் சுமார் பத்து மைல் சென்றால், செய்யாற்றங்கரையில் மாகறல் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். பொன் உடும்பு ஒன்று புற்றுக்குள் ஓடி ஒளிந்ததென்றும், சோழனுடைய ஆட்கள் புற்றை வெட்டவே இரத்தம் பெருகிற்றென்றும் ஸ்தல புராணம் கூறும். அந்தக் காயத்தால் ஸ்வாமிக்குப் பாரத்தழும்பர் என்று ஒரு திருநாமம். அடைக்கலங்காத்த நாதர் என்பது மற்றொன்று.

மார்கழி விடியற்காலையில் நாம் கோபுர வாசலை அடைந்தபோது, முதியவர் ஒருவர் தாம் அணிந்திருந்த தோல் சட்டையைக் கழற்றி மடித்துக் கொண்டிருந்தார்.

"ஐயா, இது தோல் வஸ்து, உள்ளே கொண்டு போவதற்கில்லை. நான் வருகிற வரையில் கொஞ்சம் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கம்பளிக் கழுத்தும் பித்தளை ஜிப்பும் கொண்ட, விமானிகளின் சட்டை அது. ஆகாயத்தில் ஆயிரம் மீட்டர் ஏறினால் உஷ்ணம் சுமார் ஆறரை டிகிரி குறையும்; அந்தக் குளிருக்கென்று ஏற்பட்ட உடுப்பு. மடியில் அது கனத்தது.

முந்தின நாள்தான் காஞ்சிக்கு வடக்கே புள்ளலூருக்குப் போய் வந்திருந்தோம். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி ஹைதர் அலியின் சைன்யமும் திப்புவும் கும்பினியின் தளபதி பெய்லியை முறியடித்த இடம். பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுச் சிப்பாய்களே. மறு வருஷம் அங்கேயே இன்னொரு யுத்தம் நடந்தது. அதில் மாண்ட பிரௌன், ஹிஸ்லாப் என்ற இரு வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஞாபகத் தூண்கள் நிற்கின்றன. சிப்பாய்களின் பெயர் பொறித்த கல் ஒன்றும் நம் கண்ணில் படவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெய்லியின் தோல்வியைச் சித்திரமாகத் தீட்டியிருக்கிறார்கள். பெய்லி பல்லக்கில் இருக்கிறார். சுற்றிலும் சிவப்புச் சட்டைகள். முகத்தைக் கொண்டு ஒருவரையும் அறிய முடியாது. சட்டையைக் கொண்டுதான் இன்னார் கட்சி என்று அறிய வேண்டும். கும்பினிச் சம்பளத்துக்கு உயிர் விட்டவர்கள்தாமே என்று தள்ளிவிடலாம். ஆனால் அவர்களுக்கும் வீட்டிலே தாய் இருந்திருப்பாள் அல்லவா?

பெரியவர் நெற்றி நிறைய விபூதியுடன் திரும்பி வந்தார். நெசவுக் குடும்பத்தவராம். "தாங்கள் விமானப் படையில் இருந்தவரோ?" என்று கேட்டோம்.

"நான் தறியை விட்டு எங்கே போனேன்? இது என் அண்ணாவுடையது. அவரும் விமானம் ஓட்டியவரல்ல, பழுது பார்த்தவர். 1971 யுத்தத்தில் இராத் தூக்கம் இல்லாமல் வேலை செய்தாராம். ஒரு விமானி மாற்றலாகிப் போகும்போது இதை அவருக்குப் போட்டுவிட்டுப் போனாராம்."

கழுத்துப் பட்டையைத் திருப்பிக் காட்டினார். உட்புறத்தில் அந்த விமானியின் எண் மங்கிய மையில் தெரிந்தது. அதன் கீழே, மஞ்சள் பட்டு நூலில், தமிழ் எழுத்தில், நெருக்கமாகத் தைத்த ஒரு பெயர்.

"அண்ணா காலமான வருஷம் நான் தைத்தது. ஓர் எழுத்துக் கொஞ்சம் கோணிவிட்டது" என்று சொல்லிக் கொண்டே, சட்டையை மாட்டி ஜிப்பை இழுத்து விட்டுக் கொண்டு, காஞ்சிபுரம் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்.