தாத்தாவின் பெட்டியைச் செய்தது யார்? லண்டனில் ஒரு தேடல்

லண்டனில் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் தனியாக இருந்தார். ஒரு மாலை என்னையும் மகளையும் தேநீருக்கு அழைத்தவர், மேஜை மேல் ஒரு பழைய பெட்டியை வைத்தார்.

ஆறு பக்கங்கள் கொண்ட பெட்டி. இரண்டு முனைகளிலும் பூ வேலைப்பாடாகக் குடைந்த மரப்பலகை. நடுவில் மடிப்பு மடிப்பாகத் தோல் துருத்தி. கை நுழைக்கத் தோல் வார், விரலுக்கு எட்டும்படி எலும்புப் பொத்தான்கள். கான்செர்டினா! பழைய ஆங்கிலப் படங்களில் மாலுமிகள் வாசிப்பார்களே, அதுதான்.

"என் தாத்தாவுடையது. நான் சின்ன வீட்டுக்குக் குடிபோகப் போகிறேன். தர்மக் கடையில் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். மேலே ஒரு கடையின் பெயர்தான் இருக்கிறது. செய்தது யார் என்று தெரியவில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. என் அப்பா மதுரைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அவர் காலமான பிறகு, வீடு மாறும் அவசரத்தில் அந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டோம். மூடியின் உள்ளே ஒரு பெயர் ஒட்டியிருந்தது. அது என்ன பெயர் என்று இன்று எனக்கு ஞாபகமில்லை.

"அவசரப்படாதீர்கள், விசாரித்துப் பார்ப்போம்" என்றேன்.

கான்செர்டினாவும் ஆர்மோனியமும் ஒரே குடும்பம். இரண்டிலும் காற்று பட்டு அதிரும் உலோக நாக்குகள், அதாவது ரீடுகள்தான் ஒலி தருகின்றன. கான்செர்டினாவை இங்கிலாந்தில் உருவாக்கியவரின் பெயர் நம் பிளஸ் டூ மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும்: சார்லஸ் வீட்ஸ்டன். ஆம், இயற்பியல் பாடத்தில் வரும் 'வீட்ஸ்டன் சமனச் சுற்று' அவர் பெயரில் உள்ளதுதான். 1829-லும் 1844-லும் அவர் பெற்ற காப்புரிமைகளில் இந்தக் கருவி வளர்ந்த கதை இருக்கிறது. அதே காலத்தில், 1834-ல், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃப்ரீட்ரிக் ஊலிக் என்பவர் வேறொரு வகைக் கான்செர்டினாவைச் செய்தார்.

இதில் ஒரு வேடிக்கை. வீட்ஸ்டன் சுற்றை முதலில் கண்டுபிடித்தவர் வீட்ஸ்டன் அல்ல. சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டன் அதைப் பிரபலப்படுத்தினார், கிறிஸ்டிக்கு உரிய பெருமையையும் சொன்னார். உலகம்தான் மறந்துவிட்டது. பெயர் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது. பாட்டியின் பெட்டியிலும் இதே கதைதான் ஒளிந்திருந்தது.

அடுத்த ஞாயிறு மூவரும் தெற்கு லண்டனின் ஃபாரஸ்ட் ஹில்லுக்கு ரயிலில் போனோம். நிலையத்திலிருந்து மேட்டில் ஏறினால் மணிக்கூண்டோடு ஹார்னிமன் அருங்காட்சியகம். தேயிலை வியாபாரி ஃப்ரெடெரிக் ஹார்னிமன் தன் சேகரிப்பை மக்களுக்காக அளிக்க, 1901-ல் திறக்கப்பட்ட கட்டடம். பின்னால் உள்ள தோட்டத்தில் நின்றால் லண்டன் மாநகரம் தூரத்தில் விரிகிறது. நீல் வெய்ன் என்பவர் ஆண்டுக்கணக்காகத் தேடிச் சேர்த்த கான்செர்டினாக்கள் 1996-ல் இங்கே வந்து சேர்ந்தன.

கருவிகளைவிட என்னைக் கவர்ந்தவை கணக்குப் புத்தகங்கள். வீட்ஸ்டன் நிறுவனத்தின் பழைய பேரேடுகள் இங்கே பாதுகாக்கப்படுகின்றன. எந்த எண் கொண்ட கருவி, என்று விற்றது, யார் வாங்கினார் என்று கையெழுத்தில் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். வாங்கியவர்களில் பெண்கள் ஏராளம். பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருப்பதால், கருவியின் எண் தெரிந்தால் போனிலேயே தேடலாம். பாட்டியின் கண்கள் மின்னின. "என்னுடையதும் வீட்ஸ்டனாக இருக்குமோ?"

அதைச் சொல்ல, பழுது பார்க்கும் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் கடைப் பெயரை விரலால் மறைத்துக்கொண்டார். "இதை நம்பாதீர்கள். அந்தக் காலத்தில் செய்கிறவர்கள் இசைக்கருவிக் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பார்கள். கடைக்காரர் தன் பெயரை ஒட்டிக்கொள்வார்" என்றார்.

பிறகு அடையாளங்களைச் சொன்னார். எட்டுப் பக்கப் பெட்டி என்றால் வீட்ஸ்டனின் 'ஈயோலா'வாக இருக்கலாம். பன்னிரண்டு பக்கம் என்றால் லாஷனல் நிறுவனத்தின் 'இடியோஃபோன்'. பேடிங்டன் பகுதியில் கடை வைத்திருந்த சார்லஸ் ஜெஃப்ரிஸ், முனைத் தகட்டில் தன் பெயரைக் குத்துவார். வரிசை எண் போடும் வழக்கம் அவருக்கு இல்லை. ஜெர்மன் பெட்டிகளில் பல ரீடுகள் ஒரே நீளத் தகட்டில் இருக்கும். ஆங்கிலப் பெட்டிகளில் ஒவ்வொரு ரீடுக்கும் தனித்தனிப் பித்தளைச் சட்டம்.

முனைப் பலகையின் ஆறு திருகாணிகளையும் கழற்றினார். ஒவ்வொன்றையும் அதன் துளையின் வரிசைப்படியே அட்டையில் குத்தி வைத்தார். இடம் மாற்றிப் போட்டால் பழைய மரையே கெட்டுவிடுமாம். உள்ளே மரச் சட்டங்களில் ஒரே எண் குத்தியிருந்தது. "எண்கள் ஒத்துப்போகின்றன. வேறு பெட்டியின் பாகத்தை இதில் சேர்க்கவில்லை" என்றார். நெம்புகோல்கள் பொருத்தியிருந்த விதத்தைப் பார்த்தார். கடைசியாகத் தோல் வாரை விலக்கினார். தேய்ந்த மரத்தில் சின்னதாக ஒரு ரீடின் படம் கொண்ட முத்திரை.

"லாஷனல்."

பாட்டியின் முகம் சற்று வாடியது. காரணம், லாஷனல் நிறுவனத்துக்கு வீட்ஸ்டனைப் போலப் பேரேடுகள் இல்லை. எண்ணை வைத்துக் காலத்தை உத்தேசமாகத்தான் சொல்ல முடியும். தாத்தா வாங்கிய தேதி கிடைக்கப் போவதில்லை.

ஆனால் அவர் சொன்ன கதை பாட்டியை நிமிர வைத்தது. லூயி லாஷனல் சுவிட்சர்லாந்துக்காரர். வீட்ஸ்டனிடம் வேலை பார்த்து, இயந்திரங்களைக் கொண்டு பாகங்கள் செய்யும் முறையைப் புகுத்தியவர். பிறகு தனித் தொழில் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, 1861-ல் இறந்துவிட்டார். மனைவி எலிசபெத்தான் பத்தாண்டுக்கு மேல் தொழிலைத் தாங்கி நடத்தினார். அந்த நிறுவனம் 1930-கள் வரை நீடித்தது. சாதாரணத் தொழிலாளியும் வாங்கக்கூடிய கான்செர்டினாக்கள் அங்கிருந்துதான் பெருமளவில் வெளிவந்தன.

"என் தாத்தாவும் தொழிலாளிதான்" என்றார் பாட்டி மெதுவாக.

வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதத்தில் தாத்தாவின் பெயர், லாஷனல், உள்ளே இருந்த எண் மூன்றையும் எழுதிப் பெட்டியின் உறைக்குள் வைத்தார். தர்மக் கடைப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை. பேத்திக்குக் கொடுக்கப் போகிறாராம்.

அன்றிரவு ஊரில் இருக்கும் தம்பிக்குப் போன் செய்தேன். "அப்பா பெட்டி மூடியில ஒரு பேர் ஒட்டியிருந்துச்சே, ஞாபகம் இருக்காடா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "இல்லண்ணே" என்றான்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு ஆர்மோனியமோ, தையல் மெஷினோ, ரேடியோவோ இருக்கலாம். கொடுப்பதானால் கொடுங்கள். அதற்கு முன் உள்ளே இருக்கும் பெயரையும் எண்ணையும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.