புதுப்பேட்டையில் ஓர் அம்பாசிடருக்குச் சாமான் தேடி

"வண்டி என்ன வருஷம் சார்?"

"எழுபத்தெட்டு. அம்பாசிடர், மார்க் த்ரீ."

"ஓட்டுறீங்களா, ஷோவுக்கு வச்சிருக்கீங்களா?"

"தினமும் ஆபீசுக்கு அதுலதான் போறேன் பாய்."

"அப்ப ஒக்காருங்க. ஷோ வண்டிக்காரங்க வந்தா வேற கடைக்கு அனுப்பிடுவேன்."

புதுப்பேட்டையில் இப்படிக் கேட்டு ஆளைப் பிரிக்கிற கடைக்காரர் கிடைத்தால் அவரை விடக்கூடாது. கண்காட்சிக்கு வண்டி வைத்திருப்பவர் பானெட்டில் இருக்கும் சின்னம் முதல் ஸ்குரூ வரை அந்த வருஷத்துச் சாமானாகவே தேடுவார். அவர் தவம் வேறு. என் கவலை, கத்திப்பாராவில் முன்னால் போகும் புதுக்கார் ஏ.பி.எஸ். போட்டுப் பட்டென்று நிற்கும்போது நானும் நிற்க வேண்டும் என்பது. மழை இரவில் வைப்பர், ஹெட்லைட் இரண்டும் ஓட, சிக்னலில் பாட்டரி இறங்காமல் இருக்க வேண்டும் என்பது.

ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே தெரு குறுகிவிடுகிறது. இருபுறமும் கதவுகள் நிமிர்த்தி அடுக்கப்பட்டிருக்கின்றன. பம்பர்கள் கொத்துக்கொத்தாகத் தொங்குகின்றன. எஞ்சின்கள் நடைபாதையில் எண்ணெய் கசிய உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மீன்பாடி வண்டியில் முழு கியர்பாக்ஸ் ஒன்று ஆட்களை விலக்கிக்கொண்டு போனது. கூவத்தின் வாடையும் கேஸ் வெல்டிங் வாடையும் கலந்து வருகிறது. மாருதி, ஹூண்டாய், டாடா என்று உடைத்த வண்டிகளின் சாமான்தான் இப்போது அதிகம். அம்பாசிடர் சாமான் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் வைத்திருப்பவர்கள் அதில் கரைகண்டவர்கள்.

அம்பாசிடர்காரனுக்கு மற்றப் பழைய கார்க்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து 1950களின் கடைசியில் பிறந்த இந்த உடம்பு, 2014 மே மாதம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் உற்பத்தி நிற்கும்வரை பெரிதாக மாறவில்லை. மாறியது உள்ளே இருந்தவை. என் வண்டியில் இருப்பது 1,489 சிசி பி.எம்.சி. எஞ்சின், சுமார் 50 குதிரைத்திறன். 1992ல் இதே உடம்புக்குள் இசுசூவின் 1,817 சிசி எஞ்சினும் ஐந்து கியரும் வந்தன. பின்னால் வந்த வண்டிகளில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் சர்வோவும் சேர்ந்தன. ஆகவே மேம்பாட்டுக்கான சாமானை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. அண்ணன் சட்டை தம்பிக்கு என்பார்கள். இங்கே தம்பி சட்டையை அண்ணன் போட்டுக்கொள்கிறான்.

எந்தச் சாமானைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி எட்டு மணிக்குத் திண்டிவனத்தில் வண்டி நின்றால், அங்கிருக்கும் ஒரு மெக்கானிக் இதைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, அங்கேயே வாங்கி மாற்றித் தருவாரா? தருவார் என்றால் வாங்கலாம். இணையத்தில் ஒரே ஒருவர் விற்கும் இத்தாலியக் கார்பரேட்டர் அழகாகத்தான் இருக்கும், திண்டிவனத்தில் அது வெறும் இரும்பு.

முதலில் பிரேக். எஞ்சினில் கைவைக்கும் ஆசை எல்லாருக்கும் வரும், நிறுத்துகிற ஆசை யாருக்கும் வருவதில்லை. என் வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டிரம், நாலுக்கும் சேர்த்து ஒரே ஹைட்ராலிக் பாதை. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் மிதிப்பது தரையோடு போகும், மிஞ்சுவது ஹேண்ட்பிரேக் மட்டும். வண்டியின் எடை ஒரு டன்னுக்கு மேல். டிஸ்க் போடுவதற்கும் முந்தி வாங்க வேண்டியது இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டர், மெக்கானிக்குகள் டேண்டம் என்பது. ஒரு பாதை போனாலும் இன்னொன்று இரண்டு சக்கரத்தையாவது பிடிக்கும்.

பாய் உள்ளேயிருந்து ஒரு சாக்குமூட்டையை இழுத்துவந்து அவிழ்த்தார். இசுசூ அம்பாசிடர் ஒன்றின் முன்பக்கம் முழுசாக அதில் இருந்தது. ஸ்டப் ஆக்ஸில், ஹப், டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், சர்வோ. "காலிப்பர் மட்டும் வேணும்னு சில பேர் வருவாங்க. தரமாட்டேன். எடுத்தா செட்டா எடுக்கணும்." இது வியாபார தந்திரம் போலத் தோன்றும், உண்மையில் சரியான பேச்சு. டிரம் பிரேக்குக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களுக்குள் ஒரு சின்ன வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தம் நிற்கும்படி அது பார்த்துக்கொள்ளும். டிரம்முக்கு அது தேவை. அதே சிலிண்டரை டிஸ்க்கோடு இணைத்தால் அந்த மிச்ச அழுத்தம் பேடை டிஸ்க்கில் உரசவைத்துக்கொண்டே இருக்கும். சூடேறி, வண்டி இழுத்து, மைலேஜ் போன பிறகு, 'பழைய வண்டி அப்படித்தான்' என்று சொல்லிவிடுவார்கள். காலிப்பருக்கு டிரம்மைவிட அதிக எண்ணெயும் தேவை. சிலிண்டரின் விட்டம் பொருந்தாவிட்டால் பெடல் ஆழமாக இறங்கும். செட் என்பது இதற்காகத்தான்.

வாங்கும்போது டிஸ்க்கின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். நகம் இடறும் அளவுக்கு வரம்பு இருந்தால் தேய்ந்தது என்று அர்த்தம். டிஸ்க் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், காலிப்பரும் ஸ்டப் ஆக்ஸிலும் பழசில் நல்லதாகக் கிடைத்தால் போதும். பிஸ்டன் துருப்பிடித்துக் குழிவிழுந்திருந்தால் அந்தக் காலிப்பரை எடுக்கவே கூடாது. எந்தப் பழைய பிரேக் சாமானாக இருந்தாலும் ரப்பர் மட்டும் புதுசு. அட்டைப்பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்று ஆசைகாட்டுவார்கள், பெட்டிக்குள்ளேயே இருபது வருஷம் கிடந்த ரப்பர் கப்பும் கிழவன்தான்.

விலையை எழுதப் போவதில்லை. காலையில் சொன்னது மதியம் மாறும், ஆளைப் பார்த்தும் மாறும்.

அடுத்த சந்தில் எலக்ட்ரீஷியன். இவருடைய மேஜை முழுக்க டைனமோவும் ஆல்டர்னேட்டரும். சென்னைக்காரனுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. வங்காளத்தில் தயாரிக்கப்பட்ட வண்டிகளுக்குள்ளே இருந்த மின்சாமான், பிரேக் சாமான் பல நம் பாடியில் பிறந்தவை. லூகாஸ் டிவிஎஸ் 1961ல், பிரேக்ஸ் இந்தியா 1962ல் அங்கே தொடங்கியவை. பழுதுபார்க்கத் தெரிந்த கைகள் இந்த ஊரில் தலைமுறையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

டைனமோ ஐடிலிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. எழுபதுகளின் மவுண்ட் ரோட்டுக்கு அது போதும். இப்போது அண்ணா சாலையில் நிற்பதுதான் அதிகம், ஓடுவது குறைவு. ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும்போதும் சார்ஜ் தரும். எலக்ட்ரீஷியன் மாருதி வண்டிகளில் வரும் ஒரு ஆல்டர்னேட்டரை எடுத்துவைத்து, "பிராக்கெட் லேத்துல அடிச்சுக்கலாம் சார், ரெகுலேட்டர் உள்ளயே இருக்கு, கட்-அவுட் பெட்டிய தூக்கிப் போட்டுடலாம்" என்றார். திண்டிவனம் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை, மாருதி சாமான் எங்கே கிடைக்காது? ஒன்றை மட்டும் வலியுறுத்தினேன். ஆல்டர்னேட்டரிலிருந்து பாட்டரிக்குப் போகும் ஒயரைத் தடிமனாக மாற்ற வேண்டும். டைனமோ காலத்து ஒயரில் இரண்டு மடங்கு கரண்டை விட்டால் முதலில் கருகுவது டாஷ்போர்டுக்குப் பின்னால்தான், அங்கே பிடிக்கும் தீயை யாரும் உடனே பார்ப்பதில்லை.

ஹெட்லைட்டுக்கு எல்.இ.டி. வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம். பழைய வட்ட விளக்கின் கண்ணாடி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் இழைக்காக வடிவமைக்கப்பட்டது. அந்த இடத்தில் எல்.இ.டி. சில்லுகளை வைத்தால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், நமக்குச் சாலை தெரியாது. சாதாரண 60/55 வாட் ஹாலஜன், அதற்கு இரண்டு ரிலே, இவ்வளவு போதும். லோ பீமில் இரண்டு பல்பும் சேர்ந்து ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இதுவரை அது முழுவதும் நாற்பது வயதைத் தாண்டிய ஸ்விட்ச் வழியாகப் போய், வழியிலேயே வோல்டேஜைத் தொலைத்துக்கொண்டிருந்தது. ரிலே போட்டாலே பல்ப் மாற்றியது போல இருக்கும்.

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா என்பதில் எனக்கும் அவருக்கும் வாக்குவாதம். பி.எம்.சி. எஞ்சினில் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். தேயத் தேய அது மாறும், டைமிங் நகரும். எலக்ட்ரானிக் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது போனால் சொல்லாமல் போகும். பாயிண்ட் போகும்முன் பல நாள் முனகும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வீடு வரை வரும். முடிவில் வாங்கினேன். கழற்றிய பாயிண்டும் கண்டென்ஸரும் தட்டோடு டிக்கியில் இருக்கும் என்ற நிபந்தனையோடு.

மதியத்துக்கு மேல் ஜி.பி. ரோடு. இது வேறு உலகம், எல்லாம் புதுசு, பளபளப்பு. சீட் கவர், ஸ்பீக்கர், அலாய் வீல். நான் தேடியது பெட்ரோல் ஹோஸ். பெயர் கேட்டால் சிரிப்பு வரும் சாமான், ஆனால் இன்றைக்கு எந்தப் பழைய வண்டிக்கும் பிரேக்குக்கு அடுத்த அவசரம் இதுதான். இப்போது பங்க்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எழுபதுகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊறும், மிருதுவாகும், பிறகு வெடிப்புவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எத்தனால் தாங்கும் என்று உடம்பிலேயே அச்சிட்ட ஹோஸைக் கேட்டு வாங்க வேண்டும். பெட்ரோல் பம்பின் டயாஃபிரமும் கார்பரேட்டர் கேஸ்கெட்டும் கூடவே மாறவேண்டும். எத்தனால் எரிய பெட்ரோலைவிடக் குறைவான காற்றே போதும். அதனால் பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை நீர்த்து, எஞ்சின் சூடாகி, பிக்கப்பில் திக்கும். ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவது மலிவான வேலை, பலர் செய்வதில்லை.

அதே கடையில் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் ஒன்றை நீட்டினார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியுடையது. அது சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளும், கார்பரேட்டருக்கு வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீடில் வால்வு மூடவே முடியாமல் பெட்ரோல் பொங்கும். 'எல்லா வண்டிக்கும் ஒன்றுதான் சார்' என்று சொல்பவரிடமிருந்து மெல்ல நகர்ந்துவிடுவது உத்தமம்.

ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் வாங்கினேன், சொல்ல அதிகமில்லை. தெர்மோஸ்டாட்டை மட்டும் 'சென்னைக்குத் தேவையில்லை' என்று கழற்றிப் போடவிடாதீர்கள். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினால் எண்ணெயும் பெட்ரோலும் வீண், தேய்மானமும் கூடும்.

டயர் கடையில் அகலமான டயர் போட்டால் வண்டி 'கெத்தாக' இருக்கும் என்றார் ஒரு தம்பி. இருக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியைத் தினமும் தியாகராய நகரில் பார்க் செய்யும் தோள்களைக் கேட்டால் வேறு பதில் வரும். பழைய குறுக்கிழை டயரின் மொத்த விட்டத்துக்கு நெருங்கிய 15 இன்ச் ரேடியல் போதும், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். யாரும் வாங்காத அளவுகள் கடையில் பல வருஷம் கிடக்கும்.

எஞ்சினையே மாற்றிவிடலாம் என்ற யோசனையைப் புதுப்பேட்டையில் எல்லாரும் சொன்னார்கள். டீசல், இசுசூ, இன்னும் என்னென்னவோ. இசுசூ அழகாகப் பொருந்தும், 75 குதிரைத்திறன், மனசு தடுமாறியது உண்மை. ஆனால் எஞ்சின் எண் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவு விவரங்களிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. 2019ல் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகவே படித்தது. முன் அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றிவிட்டு ஓட்டினால், விபத்து நேரும் நாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.

ஐம்பது வயதை நெருங்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021ல் வந்த விதிப்படி ஐம்பது வயதைக் கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனி எண்ணோடு பதியலாம். கவுரவமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்குத் தவிர, அன்றாடம் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. தினமும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு சாமானுக்குத்தான் போதும் என்றால், அது டேண்டம் மாஸ்டர் சிலிண்டராக இருக்கட்டும்.