மண்டபம் பார்க்கப் போன மூன்று ஞாயிறுகள்

தோட்டத்தில் கலியாணம் என்றால் ஒரு காலத்தில் இடம் தேடும் வேலையே கிடையாது. லயத்து வாசலில் பந்தல், மாரியம்மன் கோயிலில் தாலி, திடலில் பந்தி. பந்தக்கால் ஊன்றுவதிலிருந்து அண்டா கழுவுவது வரை எல்லாம் லயத்துச் சனமே பார்த்துக்கொள்ளும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்துவிட்டது. கோயில் இருக்கிறது, கூடுவதற்குத் திடல் இல்லை. சொந்தமெல்லாம் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறது.

அதனால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகள், "பினாங்கில் வைக்கலாம், கேமரனில் வைக்கலாம்" என்று பேசும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. எங்கே வைத்தாலும் பாதிப் பேருக்குப் பிரயாணம்தானே! ஆனால் படத்தைப் பார்த்து இடம் பிடிக்காதீர்கள், சகோதரிகளே. கலியாணத்துக்கு வரப்போகிற ஆட்களிலே யார் மிகவும் வயதானவரோ, அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

என் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை முடிவானதும் நாங்கள் அப்படித்தான் செய்தோம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வேன் பேசி, 81 வயதான எங்கள் அம்மாவை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மூன்று ஞாயிறு சுற்றினோம். "கிழவியை ஏன் இழுத்தடிக்கிறீர்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டி மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர் அம்மா. அவர் வர முடியாத இடத்தில் பேத்திக்குத் தாலி ஏறினால் என்ன, ஏறாவிட்டால் என்ன?

முதலில் பினாங்கு. பிள்ளைக்கு ஆசை பெரும்படகில் போக வேண்டும் என்று. 2021 முதல் அந்தப் படகில் கார் ஏற்றுவதில்லை. ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். ஆகவே, 1985-இல் திறந்த பாலத்தின் வழியாகப் போனோம். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படிகள். 2012-இல் கும்பாபிஷேகம் கண்ட மலைக்கோயில் அது; மேலே நின்றால் ஊரும் கடலும் கண் நிறையும். நாங்கள் மூன்று பேர் ஏறினோம். அம்மா அடிவாரத்துப் பிள்ளையார் கோயிலில் உட்கார்ந்துவிட்டார். இறங்கி வருவதற்குள் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் எந்தத் தோட்டம், எந்த லயம் என்றெல்லாம் விசாரித்து முடித்திருந்தார். அதே சாலையில், 1857-இல் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலையும் பார்த்தோம். படி ஏறும் தொல்லை இல்லை. ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோலாலம்பூரிலிருந்து அது நெடுந்தூரம்.

இரண்டாவது ஞாயிறு கேமரன் மலை. படத்தில் பார்த்தால் சொர்க்கம்! தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முழுவதும் வளைவுதான். பாதி வழியில் அம்மாவுக்குத் தலைசுற்றி வாந்தி. வேனை மூன்று இடத்தில் நிறுத்தினோம். மேலே போனதும் குளிர் காற்றுப் பட்டுச் சற்றுத் தெளிந்தார். தேயிலைக் காட்டைப் பார்த்ததும் பழைய கதை வந்துவிட்டது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சரிவுகளில் பாடுபட்டது நம்மவர்கள் அல்லவா? இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பிரிஞ்சாங் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, ஒரு விடுதியில் விசாரித்தோம். பேர் வேண்டாம். வெளிச் சமையல்காரர் கூடாதாம், மேளத்துக்கு நேரக் கட்டுப்பாடாம். மேளம் இல்லாத கலியாணத்தைத் தங்கை வீட்டுக்காரர் நினைத்துப் பார்க்கவே மறுத்துவிட்டார். ஆண்டுக் கடைசியில் மழை பிடித்தால் அந்தப் பாதையில் மண் சரிவும் உண்டு. இறங்கும்போது மணப்பெண் வாய் திறக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தபடியே வந்தாள்.

மூன்றாவது பத்துமலை. 272 படிகளும், 2006-இல் எழுந்த 140 அடி முருகன் சிலையும் எல்லாருக்கும் தெரிந்தவை. கலியாணக்காரர்கள் பார்க்க வேண்டியது அடிவாரத்தைத்தான். மண்டபம் தரைமட்டத்தில் இருக்கிறது. பஸ் நிறுத்த இடம் உண்டு. 2010 முதல் கொமுட்டர் ரயில் வாசல் வரை வருகிறது. கிள்ளான் சொந்தங்களுக்கு வசதி. தை மாதத்தில் மட்டும் வேண்டாம். பூசக் கூட்டத்தில் மாப்பிள்ளையையே தேட வேண்டியிருக்கும்! கழிவறை எத்தனை, பந்தி ஒரு தடவைக்கு எத்தனை பேர், மழை பெய்தால் சாரல் எந்தப் பக்கம் என்று தங்கை ஒன்று விடாமல் பார்த்துக் குறித்துக்கொண்டாள். முகூர்த்த நேரத்திலேயே போய்ப் பார்த்தது நல்லதாயிற்று. ஒரே காலையில் எத்தனை கலியாணம் நடக்கிறது, யார் மேளம் யார் காதில் விழுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

இன்னொன்றையும் கையோடு விசாரியுங்கள். அந்தக் கோயிலில் திருமணத் துணைப் பதிவாளர் இருக்கிறாரா? 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்த பிறகு, தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிய வேண்டும். பதிவிலாகாவில் மனுக் கொடுத்து, 21 நாள் அறிவிப்பு ஒட்டி, 6 மாதத்துக்குள் கலியாணத்தை முடிக்க வேண்டும். எல்லாக் கோயிலிலும் துணைப் பதிவாளர் இருப்பதில்லை. "அப்புறம் பதியலாம்" என்று விட்ட குடும்பங்கள் எத்தனை! புருஷன் கண்ணை மூடிய பிறகு சொக்சோவுக்குப் போனால், முதலில் கேட்பது கலியாணப் பத்திரத்தை. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்திலும் சிக்கல்தான்.

திரும்பும் வழியில் தஞ்சோங் மாலிமில் கோப்பி குடிக்க நிறுத்தினோம். "பாட்டி, உங்களுக்கு எந்த இடம் பிடிச்சது?" என்று பிள்ளை கேட்டாள்.

"எனக்கு எதும்மா? உனக்குப் பிடிச்ச இடத்துல வையி. அந்தத் தேயிலைக் காடு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அம்மா.

"அங்க நாங்க ரெண்டு பேரும் அப்புறம் போய்க்கறோம்" என்று சிரித்தாள் பிள்ளை.

பத்துமலை மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. ஆவணியில் ஒரு ஞாயிறு, ஒன்பதரைக்கு மேல் முகூர்த்தம். தோட்டத்திலிருந்து நாலு மணிக்குப் பஸ் புறப்படும். பஸ்ஸில் 44 இடம். பேர் கொடுத்தவர்கள் இதுவரை 51. ஒரு வேனும் பேச வேண்டும்.