தண்ணீர் கேட்டவர்

அரபு மொழியில் 'ஸத்மா' என்பதற்கு மோதல், பலத்த அடி என்று பொருள். தமிழில் அதனை அதிர்ச்சி என்கிறோம். துயரச் செய்தி கேட்டு மனம் கலங்குவதே அதிர்ச்சி என்று நெடுங்காலம் எண்ணியிருந்த நாம், உடலுக்கும் ஓர் அதிர்ச்சி உண்டென்பதை 2012ஆம் ஆண்டில் ஒரு நண்பகலில் கற்றோம்.

மதரஸாவின் சாளரத்திற்குக் கண்ணாடி பொருத்த வந்த தச்சரின் தொடையை உடைந்த சில்லு ஆழக் கிழித்துவிட்டது. ஓடிச்சென்று ஒரு துண்டைச் சுற்றி, அவரை நாற்காலியில் அமர்த்தினோம். முகம் வெளுத்தது; நெற்றியில் வியர்வை அரும்பிற்று. வெயிலின் கொடுமையென்று கருதி விசிறினோம். "தண்ணீர், ஹஜ்ரத்" என்றார், கொடுத்தோம். சற்றைக்கெல்லாம் முனகல் நின்றது. வலி தணிந்ததென்று ஆறுதலுற்றோம்.

செய்தியறிந்து வந்த அடுத்த தெருச் செவிலியம்மையார் அவர் கையைத் தொட்டார். கை சில்லிட்டிருந்தது, நாடி மெலிந்து விரைந்தது. "இது அமைதியல்ல ஹஜ்ரத், உயிர் தளர்கிறது" என்றவர், அவரைப் பாயில் மல்லாத்திக் கிடத்தினார். மடித்த துணியைப் புண்மீது வைத்து விடாது அழுத்தினார். கால்களை ஓரடி உயர்த்தி, அடியில் சுருட்டிய பாயை வைக்கச் சொன்னார். போர்வை போர்த்தச் சொன்னார். நாம் 108ஐ அழைத்தோம். அதற்குள் தச்சர் நாம் கொடுத்த நீரை வாந்தியெடுத்தார். அம்மையார் சட்டென அவரை ஒருக்களிக்கச் செய்தார். மல்லாந்தே கிடந்திருந்தால் அந்நீர் மூச்சுக்குழலில் புகுந்திருக்கும்!

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. அதில் ஐந்தில் ஒரு பங்கு வெளியேறினாலே உறுப்புகளுக்குப் போதிய குருதி எட்டாமற் போகலாம். இதயத்தையும் மூளையையும் காக்க, உடல் தோலிலிருந்து குருதியை மீட்டுக்கொள்கிறது. தோல் வெளுத்துக் குளிர்வது அதனாலேயே. தாகமும் அதன் அடையாளமே. ஆயினும் வாய்வழி எதுவும் கொடுத்தலாகாது. தலை, கழுத்து, முதுகெலும்பு, கால் எலும்பு ஆகியவற்றில் அடிபட்டோர்க்கும், மூச்சுத் திணறுவோர்க்கும் கால்களை உயர்த்தலும் கூடாது.

நுரையீரல் வழிக் குருதி சுழல்வதை 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த இப்னு அந்நஃபீஸைப் பற்றி மாணாக்கர்க்குப் பெருமையுடன் உரைத்தவர் நாம். கண்முன் ஒருவரின் குருதியோட்டம் தளர்ந்தபோதோ, விசிறியைத் தேடினோம்.

தச்சர் பிழைத்தார். பின்னொரு நாள் வந்து, எஞ்சிய கண்ணாடியையும் பொருத்தினார். விடைபெறுகையில், "அன்றைக்குத் தண்ணீர் கொடுத்தீர்களே ஹஜ்ரத், அதை மறக்கமாட்டேன்" என்றார். நாமும் மறக்கவில்லை.